மரக்கூழும் மாத்திரையும்

தைராய்டு சுரப்பி தன் வேலையைச் சரிவரச் செய்யாத ஒருவருக்கு மருத்துவர் தைராக்ஸின் மாத்திரை எழுதித் தருகிறார். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. அதில் அடங்கிய மருந்தின் அளவு பலருக்கு 0.1 மில்லிகிராம்தான், அதாவது ஒரு கிராமைப் பதினாயிரம் பங்காக்கினால் அவற்றுள் ஒரு பங்கு. ஒரு மணற்பருக்கையின் எடைக்கு மேற்படாத இந்த மருந்தைத் தனியாக எடுத்து நாவில் இடுவது எவராலும் ஆகாத காரியம். ஆகவே, அதைச் சுமந்து வர வேறொரு பொருள் வேண்டும். அப்பொருள் மருந்தின் குணத்தைக் கெடுக்கலாகாது. உடலுக்குத் தீங்கு செய்யலாகாது. புட்டியில் இருக்கும் வரையில் உதிராமல் உறுதியாக நிற்க வேண்டும். வயிற்றை அடைந்ததும் தாமதமின்றிப் பிரிந்து, தான் சுமந்து வந்ததை ஒப்படைத்துவிட வேண்டும். உறுதியாக நிற்பதும் எளிதில் உடைவதும் ஒன்றுக்கொன்று முரணான குணங்கள். இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்ற பொருள் ஒன்று உண்டு. அது மரத்திலிருந்தும் பஞ்சிலிருந்தும் கிடைக்கிறது. இன்று உலகெங்கும் செய்யப்படும் மாத்திரைகளில் மிகப் பலவற்றில் அது கலந்திருக்கிறது. அதன் பெயர் நுண்படிகச் செல்லுலோஸ். அதைக் கண்டறிந்து உலகுக்கு அளித்த ரசாயன நிபுணர் ஆர்லாண்டோ பாட்டிஸ்டா என்பவர். அவருடைய ஆராய்ச்சியின் வரலாற்றையும், அதனால் விளைந்த பயன்களையும் நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பாட்டிஸ்டா 1917ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கார்ன்வால் என்னும் ஊரில் பிறந்தவர். மான்ட்ரீல் நகரத்து மெக்கில் பல்கலைக் கழகத்தில் ரசாயனம் பயின்று, 1940இல் பட்டம் பெற்றார். உடனே அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் இயங்கி வந்த அமெரிக்கன் விஸ்கோஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். அந்நிறுவனத்தின் தொழில் ரேயான் என்னும் செயற்கைப் பட்டு இழையைத் தயாரிப்பது. மரக்கூழைக் காரத்தாலும் கார்பன் டைசல்பைடாலும் பதப்படுத்தித் தேன் போன்ற குழம்பாக்கி, அதை நுண்ணிய துளைகளின் வழியே அமிலத்தினுள் பீச்சினால், அது மறுபடியும் இழையாக உறையும். கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூன்று ஆங்கிலேயர் 1892இல் கண்ட முறை இது. ஆடைக்கு மட்டுமன்றி, மோட்டார் வாகனங்களின் டயர்களுக்கு உள்ளே வலிமை தரும் கயிறாகவும் ரேயான் பயன்பட்டு வந்த காலம் அது. ஆகவே இழை அறுவது ஏன், அதன் வலிமையைக் கூட்டுவது எவ்வாறு என்பவையே அங்கிருந்த ஆராய்ச்சியாளர்களின் நாள்தோறும் எழும் கேள்விகள்.

இழையின் வலிமை அதன் மூலப்பொருளான செல்லுலோஸின் அமைப்பைப் பொறுத்தது. செல்லுலோஸ் என்பது தாவரங்களின் உயிரணுச் சுவர்களுக்கு உறுதி தரும் பொருள். பஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. மரத்தில் ஏறத்தாழப் பாதி. பிரெஞ்சு விஞ்ஞானி ஆன்ஸெல்ம் பாயென் 1838இல் இதைத் தனிப்பொருளாக இனங்கண்டார். குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாக அமைவதே செல்லுலோஸ். இவ்வாறு சிறிய அலகுகள் பல கோத்து அமைந்த பெரிய மூலக்கூறைப் பாலிமர் என்றும், உயிருள்ளவை தாமே உண்டாக்கும் பாலிமரை உயிர்ப் பாலிமர் என்றும் வழங்குவர். அரிசியின் மாவுப்பொருளும் குளுக்கோஸால் ஆனதுதான். ஆனால் அலகுகள் கோக்கப்படும் விதம் வேறு. அந்த ஒரு வேறுபாட்டினால் சோறு நமக்கு உணவாகிறது, பஞ்சு உணவாவதில்லை. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்குச் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டும் திறன் உண்டு. மனிதனின் செரிமான நீர்களுக்கு அத்திறன் இல்லை.

செல்லுலோஸை அமிலம் வெட்டும் என்பது பழைய செய்தி. பிரான்ஸ் நாட்டு பிராகோனோ 1819லேயே கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் இட்டுச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அமிலத்தை மிதமாகச் செலுத்தினால் சர்க்கரை வரை போகாமல், விரல்பட்டால் உதிரும் வெண்ணிறத் தூள் மிஞ்சும் என்பதும் தெரிந்திருந்தது. எமே ஜிரார் என்ற மற்றொரு பிரெஞ்சு விஞ்ஞானி 1875இல் அதற்கு ஹைட்ரோசெல்லுலோஸ் என்று பெயரும் இட்டார். ஆயினும் நூல், துணித் தொழிலில் இருந்தவர்களுக்கு அத்தூள் ஒரு நஷ்டக் கணக்கு. அமிலம் பட்டு உளுத்துப்போன துணி, அவ்வளவுதான். நூலின் மதிப்பு அதன் நீளத்திலும் வலிமையிலும் இருக்கும்போது, இரண்டையும் இழந்த ஒன்றை எவர் மதிப்பர்? ஏறக்குறைய 80 ஆண்டுகள் அது அவ்வாறே கிடந்தது.

பாட்டிஸ்டா அந்தத் தூளை அளக்கத் தொடங்கினார். கொதிநிலையில் உள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செல்லுலோஸை இட்டு, குறித்த இடைவெளிகளில் சிறிது சிறிதாக எடுத்து, அதன் சங்கிலியின் சராசரி நீளத்தைக் கணித்தார். முதற் சில நிமிடங்களில் நீளம் வேகமாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கான அலகுகள் கொண்ட சங்கிலி சில நூறு அலகுகளாகச் சுருங்கியது. பிறகு வியப்பான ஒன்று நிகழ்ந்தது. அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் நீளம் அதற்கு மேல் பெரிதும் குறையவில்லை. மரக்கூழாயின் ஏறத்தாழ 200 முதல் 300 அலகுகளில் அது நின்றுவிட்டது. ரேயான் இழையாயின் இன்னும் குறைந்த ஓர் அளவில் நின்றது. ஒவ்வொரு வகைச் செல்லுலோஸுக்கும் அதற்கே உரிய ஒரு நிறுத்தம் உண்டு என்பதை 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரை காட்டியது.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். பல நூல்களை ஒன்றாகச் சேர்த்து நீண்ட கயிறு ஒன்று செய்வதாகக் கொள்வோம். ஒரு சாண் நீளத்திற்கு நூல்கள் யாவும் நெருங்கி, ஒழுங்காக, இடைவெளி சிறிதுமின்றி அடுக்கப்பட்டுள்ளன. அடுத்த விரற்கடை நீளத்தில் அவை தளர்ந்து சிக்கலாகக் கிடக்கின்றன. மறுபடி ஒரு சாண் ஒழுங்கு. மறுபடி விரற்கடைச் சிக்கல். இக்கயிற்றின் மீது கத்தரிக்கோலின் நுனியைச் செலுத்த முயன்றால், நெருங்கிய இடத்தில் அது நுழையாது. தளர்ந்த இடத்தில் எளிதில் நுழைந்து நூல்களைத் துண்டிக்கும். செல்லுலோஸிலும் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதிகள் உண்டு, அவை படிகங்கள். அவற்றுக்கு இடையே ஒழுங்கற்ற பகுதிகளும் உண்டு. அமிலம் ஒழுங்கற்ற இடங்களில் புகுந்து வெட்டுகிறது. படிகத்தை வந்தடைந்ததும் அதன் வேகம் ஓய்கிறது. உளுத்த துணி என்று தள்ளப்பட்ட தூள், உண்மையில் அமிலத்தையும் எதிர்த்து நின்ற பகுதி. செல்லுலோஸின் மிகவும் கட்டுறுதியான பகுதி அதுவே.

இரண்டாவது படி 1955இல் நிகழ்ந்தது. பாட்டிஸ்டாவும் அவருடன் பணியாற்றிய பட்ரீஷியா ஸ்மித் என்ற பெண்மணியும், அமிலத்தில் கழுவியெடுத்த இத்தூளை நீரில் இட்டு, வேகமாகச் சுழலும் கலக்கும் யந்திரத்தில் வைத்துக் கடைந்தனர். நீரில் கரையாத தூளைக் கலக்கி வைத்தால் சிறிது நேரத்தில் அது அடியில் படிந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். இங்கே அது படியவில்லை. நீர் முழுவதும் வெண்ணெய் போலத் திரண்டு, பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாத களிம்பாகிவிட்டது. நாள்கள் சென்றும் அது பிரியவில்லை.

நடந்தது இதுதான். அமிலம் இணைப்புகளை வெட்டிய பின்னரும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகவே இருந்தன. கடைந்தபோது அக்கூட்டம் கலைந்து, தனித்தனிப் படிகங்கள் நீரில் விடுபட்டன. அவற்றுள் பல ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரின் 1000இல் ஒரு பங்குக்கும், சிறியவை. அவ்வளவு நுண்ணியவை கோடிக்கணக்கில் பரவி, ஒன்றையொன்று தொட்டு, கண்ணுக்குத் தெரியாத வலையாக நின்று நீரைப் பிடித்துக்கொண்டன. தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பதை நாம் அறிவோம். அங்கே கொழுப்புத் திரள்கிறது. இங்கே கொழுப்புச் சிறிதும் இல்லாமல், மரமும் நீரும் மட்டும் சேர்ந்து வெண்ணெயின் தோற்றத்தைப் பெற்றன. இவ்விருவரின் பெயரிலும் 1961இல் அமெரிக்கப் புனைவுரிமை வழங்கப்பட்டது. 1962இல் இருவரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை வெளிவந்தது. அவிசெல் என்ற வாணிகப் பெயரில் பொருள் சந்தைக்கு வந்தது. 1963இல் எஃப்.எம்.சி. என்ற பெரிய நிறுவனம் அமெரிக்கன் விஸ்கோஸை வாங்கிக்கொண்டு இத்தொழிலை விரிவுபடுத்தியது.

இனி, முதலிற் கூறிய மாத்திரைக்குத் திரும்புவோம். முற்காலத்தில் மாத்திரை செய்ய, மருந்துத்தூளை மாவுக் கஞ்சியில் பிசைந்து, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, வெப்பத்தில் உலர்த்தி, பின்பு யந்திரத்தில் அழுத்துவர். ஈரமும் வெப்பமும் தாங்காத மருந்துகளுக்கு இம்முறை பகையானது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். ஈரம் பட்டால் அது ஸாலிஸிலிக் அமிலமாகவும் அஸெட்டிக் அமிலமாகவும் பிரிந்துவிடும். அஸெட்டிக் அமிலம் என்பது காடியின் புளிப்பே. பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடி நெடி வீசுவது இதனால்தான். அந்த நெடி, மருந்து குறைந்துகொண்டு வருகிறது என்பதற்கான எச்சரிக்கை. மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்த நம் நாட்டில் இது சிறிய விஷயமன்று.

நுண்படிகச் செல்லுலோஸ் இத்தொல்லைக்கு ஒரு வழி காட்டியது. படிகங்கள் நிறைந்த குழம்பைச் சூடான காற்றில் தூவி உலர்த்தினால், படிகங்கள் கூட்டங் கூட்டமாகச் சேர்ந்து நுண்துளைகள் நிறைந்த குருணைகளாகின்றன. சாதாரணமாக அவற்றின் சராசரி அளவு 50 அல்லது 100 மைக்ரான். இவற்றை மருந்துடன் உலர்ந்த நிலையிலேயே கலந்து நேரே அழுத்தலாம். அழுத்தத்தில் குருணைகள் நொறுங்காமல் பிசைந்த மாவைப் போல நசுங்கி, ஒன்றின் மேற்பரப்பு மற்றொன்றின் மேற்பரப்போடு நெருங்கிப் பொருந்துகிறது. அப்போது ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய கவர்ச்சிகள் எண்ணிறந்தவை உண்டாகின்றன. தனித்தனியே அவை வலுவற்றவை. சேர்ந்து நிற்கையில் மாத்திரை கல்லைப்போல் உறுதியாகிறது. வயிற்றில் நீர் படும்போது, நுண்துளைகளின் வழியே நீர் உறிஞ்சப்பட்டு உட்புகுந்து, அந்தப் பிணைப்புகளின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, மாத்திரை பிரிகிறது. உறுதி, உடைவு என்ற முரண்பட்ட இரு குணங்களையும் ஒரே பொருள் பெற்றிருப்பதன் ரகசியம் இதுவே.

ஆயினும் நுண்படிகச் செல்லுலோஸ் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் என்று எண்ணலாகாது. மருந்தின் அளவு மிகச் சிறியதாக இருக்கும்போது, அதைச் சுமைப்பொருளில் ஒரே சீராகக் கலப்பது தொழிற்சாலையின் பொறுப்பு. கலவை சீராக இல்லையெனில், ஒரு மாத்திரையில் மருந்து மிகும், மற்றொன்றில் குறையும். தைராக்ஸின் போன்றவற்றில் அந்த வேறுபாடு நோயாளியின் இதயத் துடிப்பிலேயே தெரியும். ஆகவேதான் மருந்து நூல்கள் சுமைப்பொருளுக்கும் தர விதிகள் வகுத்துள்ளன. மாத்திரைக்கு மாத்திரை அளவு ஒத்திருக்கிறதா என்ற சோதனையையும் கட்டாயமாக்கியுள்ளன. மருந்தைச் சோதித்தால் போதும், மற்றது வெறும் நிரப்பு என்று நினைப்பது ஆபத்து.

அடுத்து, பால்மங்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். எமல்ஷன் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பால்மம் என்கிறோம். பொருத்தமான சொல்தான், பாலே இதற்குச் சிறந்த உதாரணம். நீரில் கொழுப்பு மிகச் சிறு துளிகளாகப் பரவி, பிரியாமல் நிற்பது பால்மம். எண்ணெயையும் நீரையும் ஒரு புட்டியில் குலுக்கினால் சற்று நேரம் கலந்திருக்கும். பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கும். துளிகள் சேராமல் தடுக்க ஓர் இடையாள் தேவை. பாலில் அவ்வேலையைச் செய்வது துளிகளைச் சூழ்ந்துள்ள புரதம் முதலியன. நுண்படிகச் செல்லுலோஸின் களிம்பு வேறொரு வழியில் உதவுகிறது. அதன் படிகங்கள் நீரில் வலை பின்னித் துளிகள் நகராதபடி பிடித்துக்கொள்கின்றன. சில படிகங்கள் துளியின் மேற்பரப்பிலேயே தங்கி வேலியாகின்றன. இக்களிம்பைக் கலக்கினால் இளகும். கலக்குவதை நிறுத்தினால் மறுபடி இறுகும். ஆதலின் புட்டியிலிருந்து ஊற்றவும் முடிகிறது, ஊற்றிய பின் நிலைத்து நிற்கவும் செய்கிறது. சாக்லேட் பாலில் கோக்கோத் தூள் அடியில் தங்காதிருப்பதற்கும், ஐஸ்கிரீமில் பனிக்கட்டிப் பருக்கைகள் பெருத்து நாவில் நறநறக்காதிருப்பதற்கும் இது சேர்க்கப்படுகிறது. உணவுப் பொட்டலத்தின் மீது 460 என்ற எண்ணைக் காண்பவர்கள், அது செல்லுலோஸைக் குறிக்கும் எண் என்று அறிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். உடலில் செரிக்காத ஒன்றை உணவில் சேர்ப்பது முறையா? இப்பொருள் வெளிவந்த தொடக்கத்தில் மேலை நாட்டில், உடல் பருமனைக் குறைக்க விரும்புவோருக்குக் கொழுப்பின் சுவைப்பதம் தந்து சத்து ஏதும் தராத பொருள் என்றே இதைப் பாராட்டினர். வேண்டிய அளவுக்கு மேல் உண்பவருக்கு அது நன்மையாகலாம். பால் வாங்கக் காசு சேர்த்து வரும் ஒரு தாய்க்கு அது நன்மையாகாது. கெட்டியாக இருப்பதைச் சத்துள்ளது என்று நம்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. செல்லுலோஸினால் பானம் கெட்டியாகும். சத்து ஒரு துளியும் கூடாது. பொருளின்மீது குற்றம் இல்லை. அதை எதற்காகச் சேர்த்தோம் என்பதைச் சொல்லாமல் மறைப்பதிலேயே குற்றம் பிறக்கும். பொட்டலத்தின் மீது சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்ற சட்டத்தின் நியாயம் இதுவே. அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்கும் வழக்கம் வாங்குவோரிடமும் வளர வேண்டும்.

செல்லுலோஸில் கண்ட வழியைப் பாட்டிஸ்டா அத்துடன் விட்டுவிடவில்லை. ஒழுங்கான பகுதியும் ஒழுங்கற்ற பகுதியும் கலந்த எந்தப் பாலிமரிலும் இதையே செய்து பார்க்கலாம் என்று அவர் கருதினார். மாவுப்பொருளின் ஒரு பகுதியான அமைலோஸ், நைலான் ஆகியவற்றிலும் முயன்றார். அவற்றுள் மனித உயிருக்கு மிக நெருங்கிய பயன் தந்தது கொலாஜன் என்னும் புரதம். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் இது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது. மாட்டுத் தோலின் உள்ளடுக்கிலிருந்து எடுத்த கொலாஜனை மிக நீர்த்த அமிலத்தில் பதப்படுத்தி நுண்ணிய நாராக்கினால், அது குருதியை உறையச் செய்யும் திறன் பெறுகிறது. காயம் பட்ட இடத்தில் குருதித் தட்டுகள் கொலாஜனைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாக்குவது உடலின் இயல்பு. அந்த இயல்பையே இப்பொருள் துணைக்கொள்கிறது. கல்லீரல் போன்ற மெல்லிய உறுப்புகளில் நூலால் தைத்துக் குருதியை நிறுத்துவது கடினம். அங்கே இந்த வெண்ணிற நாரை அழுத்தி வைத்தால் கசிவு நிற்கும். அவிடீன் என்ற பெயரில் 1970களிலிருந்து இது அறுவை மருத்துவத்தில் பயன்பட்டு வருகிறது. தம் ஆராய்ச்சிகளின் சாரத்தை நுண்படிகப் பாலிமர் விஞ்ஞானம் என்ற பொருளுடைய தலைப்பில் 1975இல் நூலாக வெளியிட்ட பாட்டிஸ்டா, 1995இல் காலமானார்.

நம் நாட்டிலும் நுண்படிகச் செல்லுலோஸ் தயாரிக்கப்படுகிறது. உலகின் பல நாடுகளுக்கு மாத்திரைகளை அனுப்பும் தேசத்திற்கு இது இன்றியமையாத மூலப்பொருள். மரக்கூழே இதன் வழக்கமான தோற்றுவாய் எனினும், செல்லுலோஸ் மரத்துக்கு மட்டும் உரியதன்று. கரும்புச் சக்கை, சணல், நெல்லின் வைக்கோல் ஆகியவற்றிலிருந்தும் இதைப் பிரித்தெடுக்க முடியும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்தப்பட்டு, வட இந்திய நகரங்களின் காற்றைப் புகையால் நிரப்பும் வைக்கோலை நினைக்கும்போது, இதன் முக்கியத்துவம் விளங்கும். எனினும் இதற்குச் செலவு உண்டு. வைக்கோலில் உள்ள மணற்சத்தையும் லிக்னினையும் நீக்க வேண்டும்; பயன்படுத்திய அமிலத்தைச் சமன் செய்யாமல் ஆற்றில் விடலாகாது. ஒரு கழிவைப் பொருளாக்கும் முயற்சி மற்றொரு கழிவை உண்டாக்கிவிட்டால் லாபம் எங்கே?

ரேயான் தொழிலில் இருந்தவருக்கு இழை அறுவது தோல்வி. அறுந்த இடத்தைக் கண்டு வருந்தியவர்கள் பலர். அது எந்த இடத்தில் அறுகிறது, எந்த இடத்திற்கு மேல் அறுக்க முடியவில்லை என்று பொறுமையாக அளந்து பார்த்தவர் பாட்டிஸ்டா. 80 ஆண்டுகளாகக் கண்முன் கிடந்த உளுத்த தூளுக்கு உள்ளே இருந்த உறுதியை அந்த அளவீடே காட்டிக்கொடுத்தது. இன்று இரவு தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ ஒரு மாத்திரையை எடுப்பவர்கள், அது கையில் உதிராமல் நிற்பதையும் நீர் பட்டதும் பிரிவதையும் ஒரு கணம் கவனிப்பார்களாக. நோய் தீர்ப்பது மருந்து. அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டு வந்து சேர்த்தது மரம்.